மாற்றம் இல்லை

– முகம் ரொம்பத் தெளிவா இருக்கு. குறைங்க.

– எதைக் குறைக்க?

– தெளிவைத்தான். கை வராத மனுஷன் முகம் மாதிரியா இருக்கு இது? பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி இருக்கு. உள்ள போனதும் டாக்டரம்மா உங்க கைக்குக் கீழ தன் கையை வச்சு, 'எங்க, லேசா மேல கொண்டு வாங்க பாக்கலாம்'னு தேனாட்டம் பேசுவாங்க. அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. கேட்டீங்களா?

– கேட்டேன்.

– முகத்துல முயற்சி தெரியணும். கை சும்மா கிடக்கணும். எங்க, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. நான்தான் டாக்டரம்மா. 'பெயிண்டர், வலது கையை மேல கொண்டு வாங்க.'

– ம்ம்ம்...

– அடேயப்பா! நெத்தியில வேர்வை கூட வருது! கழுத்து நரம்பு புடைக்குது! இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?

– சாரத்துல நின்னு பெயிண்ட் அடிச்சவன். வீட்டுக்காரன் எட்டிப் பாக்கும்போது மட்டும் வேர்வை வர்ற மாதிரி நின்னு பழக்கம், மேஸ்திரி.

– உள்ள வந்து மேஸ்திரின்னு கூப்பிட்டுத் தொலைக்காதீங்க. ஏன் அப்படிக் கூப்பிடறீங்கன்னு கேட்டா, 'காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி என் கையை வேலை வாங்கறா'ன்னு நீங்க வாயை விடுவீங்க. அந்த வேலைக்கு என்ன பலன்னு அடுத்த கேள்வி வரும்.

– வேற என்னன்னு கூப்பிட?

– கூப்பிடவே வேணாம். பேசாம என் பக்கம் திரும்பிப் பாருங்க. பாவமா இருக்கும். கொஞ்சம் பின்னால போங்க, அந்தம்மா வண்டி போகணுமாம்.

– எங்க போறது? பின்னால தூண். சக்கர நாற்காலியில வர்றவங்க காத்திருக்கற கூடத்துல, தரையோட சேத்து அறுபது இரும்பு நாற்காலி அடிச்சு வச்சிருக்கான். ஒண்ணு தவிர அத்தனையும் காலி. நாங்க எல்லாம் நடைபாதையில ஒருத்தன் காலை ஒருத்தன் இடிச்சுக்கிட்டு நிக்கறோம். நாற்காலியோட வர்றவனுக்கு எதுக்குடி நாற்காலி?

– மெதுவா. உங்க குரல் இங்கேருந்து பஸ் நிலையத்துக்குக் கேக்கும்.

– கேட்டா நல்லதுதான். நான் இங்க இருக்கேன், இன்னைக்கு அங்க அறிவிப்பு சொல்ல ஆளில்ல. பத்தரை மணி வண்டி எந்த மேடையில நிக்குதுன்னு தெரியாம ஜனம் பையைத் தூக்கிக்கிட்டு அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டு இருக்கும்.

– ஒரு நாள் ஓடட்டும். இந்த மோட்டார் நாற்காலி போச்சுன்னா தினமும்தான் ஓடும். அந்த வேலைக்கு வேண்டியது உங்க குரல். குரல் அங்க போய்ச் சேர வேண்டியது இந்த நாற்காலியில. தாடையால அந்தக் குமிழைத் தள்ளித் தள்ளி நீங்களே பாலத்து ஏத்தத்துல ஏறிப் போறீங்களே, அதை மறந்துடாதீங்க. நான் கூட வந்து தள்ள முடியாது. எட்டு மணிக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் எங்க தையல் யூனிட் கேட்டை சாத்திடுவான்.

– தெரியும்.

– தெரிஞ்சா மட்டும் போதாது. மூலைவீட்டு டிரைவருக்கும் எல்லாம் தெரியும்.

– அந்தக் கதையை ஆயிரம் தடவை சொல்லிட்ட.

– ஆயிரத்தி ஒண்ணாவது தடவை கேளுங்க. அவருக்கும் உங்களை மாதிரியேதான் கழுத்துல அடி. இதே மையத்துல இதே மாதிரி மோட்டார் நாற்காலி குடுத்தாங்க. திடீர்னு ஒரு வருஷம் கை கொஞ்சம் வந்துச்சு. வந்த சந்தோஷத்துல மனுஷன் என்ன பண்ணினாரு? வருஷாந்திரப் பரிசோதனைக்கு இதோ இந்த ரூமுக்குள்ள போனவரு, டாக்டரம்மாவுக்குக் கை குடுத்தாரு! அவங்க கைதட்டினாங்க. நர்ஸ் கைதட்டினா. மோட்டார் நாற்காலியை வாங்கி வச்சுக்கிட்டு, கையால சக்கரத்தைத் தள்ளிப் போற நாற்காலியில உக்கார வச்சு அனுப்பிட்டாங்க. 'கைதான் வந்துடுச்சே, தள்ளுங்க'ன்னு. தோள்ல தெம்பில்ல, வாசல் வரைக்கும் தள்ள முடியலை. ரெண்டு வருஷமா ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. ஒரு தடவை கை குடுத்த குத்தம்.

– அவங்க பக்கமும் கொஞ்சம் யோசி. மோட்டார் நாற்காலி இருக்கறது மொத்தமே பதினாலு. கேட்டு நிக்கறவன் நூத்துக்கு மேல. கை வந்தவன்கிட்ட வாங்கி வராதவனுக்குக் குடுக்கறாங்க. நான் நாலு வருஷம் அந்த வரிசையில நின்னவன்.

– இப்போ நீங்க யாரு கட்சி?

– கட்சி இல்லடி. அதோ, அறுபத்தி நாலாம் டோக்கன். நமக்கு அடுத்தவன். நாற்காலியே இல்ல பாரு. அண்ணன் முதுகுல தூக்கிட்டு வந்து, அந்த இரும்பு நாற்காலியில சாய்ச்சு வச்சுத் துண்டால கட்டிப் போட்டிருக்கான்.

– அந்தப் பக்கம் பாக்காதீங்க.

– பாத்துட்டேன்.

– பாத்தா பாத்துட்டுப் போங்க. உங்ககிட்ட பிடுங்கினா அவருக்குத்தான் குடுப்பாங்கன்னு எழுதியா இருக்கு? அவங்களுக்கு எழுதத் தெரிஞ்சது ரெண்டே கட்டம். 'அசைவு உண்டு', 'அசைவு இல்லை'. உங்களுக்கு வந்தது என்ன? மணிக்கட்டு ஒரு சாண் மேல வருது. கட்டை விரலும் பக்கத்து விரலும் ஒட்டுது. ஒரு ஸ்பூன் பிடிக்கறீங்க. ஸ்பூன் பிடிக்கிற கை பாலத்து ஏத்தத்துல உங்களைத் தள்ளிட்டுப் போகுமா?

– போகாது.

– அதை எந்தக் கட்டத்துல எழுதுவாங்க?

– நடுவுல ஒரு கட்டம் போட்டுக் குடுக்கச் சொல்லு. கூலி வாங்காம கோடு போட்டுத் தரேன்.

– சிரிக்காதீங்க. சிரிச்சா முகம் மறுபடியும் தெளிஞ்சிடுது. நோட்டைக் கூட தையல் மெஷின் டிராயர்ல போட்டுப் பூட்டிட்டு வந்திருக்கேன். பைக்குள்ள இருந்து யாராவது பாத்துட்டா என்ன ஆகறது?

– எந்த நோட்டு?

– எந்த நோட்டா? எத்தனை நோட்டு இருக்கு நம்ம வீட்ல? பயிற்சி ஆரம்பிச்சு இருநூத்திப் பதினாறாவது நாள்னு சிவப்பு பேனாவால எழுதினேனே. அன்னைக்குக் காலையில ஜாக்கெட் கொக்கி தைச்சுக்கிட்டே உங்க கையை மடியில வச்சிருந்தேன். புடவையில ஏதோ ஊர்ற மாதிரி இருந்துச்சு. எறும்புன்னு தட்டினேன். பாத்தா உங்க விரல்.

– எறும்புன்னு நினைச்சுப் படார்னு அடிச்ச. வலிச்சுது. 'ஐயோ வலிக்குதா, வலிக்குதா'ன்னு கேட்டுக் கேட்டு மறுபடியும் அடிச்ச.

– வலிக்குதுன்னு நீங்க சொன்னது எனக்கு அவ்வளவு இனிப்பா இருந்துச்சு. என்ன பண்ண?

– நான் அப்பவே டாக்டரம்மாகிட்ட சொல்லிடலாம்னு சொன்னேன்.

– சொல்லியிருந்தா இன்னைக்கு நீங்களும் டிரைவர் பக்கத்துல இன்னொரு ஜன்னல்ல உக்காந்திருப்பீங்க. நான் சொன்னது எது தப்பாப் போச்சு சொல்லுங்க. மூணு வாரம் முன்னால பரிசோதனை லெட்டர் வந்துச்சே, அன்னைக்கே சொன்னேனா இல்லையா? 'இன்னைலேருந்து வீட்லயும் கையை அசைக்காதீங்க. நாலு சுவத்துக்குள்ள பழகினாத்தான் நாலு பேர் முன்னால வரும்'னு?

– சொன்ன.

– பயிற்சியையும் நிறுத்தினேன். ஊட்டி விடறதும் மறுபடியும் நானே. மொதல் வாரம் ரெண்டு தடவை மறந்து ஸ்பூனுக்குக் கை போச்சு, தட்டி விட்டேன். அதுக்கப்புறம் போகவே இல்ல. என்ன ஒரு கட்டுப்பாடு! நானா இருந்தா மூக்கு அரிச்சா சொறிஞ்சிருப்பேன்.

– ஒரு விஷயம் சொல்லணும் உன்கிட்ட.

– பேட்டரியா? ராத்திரி சார்ஜ் போட்டேனே.

– பேட்டரி இல்ல. கையைப் பத்தி. கையை இப்படிச் சும்மாவே போட்டு வச்சா... அது மறந்து போயிடுமா?

– என்னத்தை மறக்கும்? நீச்சல் மறக்குமா, சைக்கிள் மறக்குமா? நாளைக்குக் காலையில மறுபடியும் ஆரம்பிச்சா நாலே நாள்ல பழைய நிலைமைக்கு வந்துடும். பத்து நாள் நான் காய்ச்சல்ல படுத்திருந்தேனே, அப்ப மறந்துச்சா?

– இல்ல, நான் சொல்ல வந்தது என்னன்னா...

– எதுவா இருந்தாலும் வெளிய வந்து சொல்லுங்க. இப்போ மனசுல ஒண்ணைப் போட்டுக் கிளறினா முகத்துல வந்து நிக்கும். கேட்டீங்களா?

– கேட்டேன்.

– கேட்டேன்னா கேட்டதோட நிக்கணும். சட்டைக் கையை இறக்கி விடறேன் இருங்க. ஐயோ, இது என்ன? புறங்கையில கொப்புளம்!

– இன்னைக்குக் காலையில கிளம்பற அவசரத்துல டீ டம்ளரை என் கை ஓரமா வச்சுட்டு கதவைத் திறக்கப் போன. அது சாய்ஞ்சு கைமேலயே நின்னுடுச்சு.

– கூப்பிட வேண்டியதுதானே! 'ஆ'ன்னு ஒரு சத்தம் கூட வரலையே!

– பழகணும்னு சொன்னியே.

– அதுக்காகச் சூட்டைப் பொறுத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்களா? நல்ல மனுஷன் வந்து வாய்ச்சீங்க எனக்கு. பாதி கை வெந்திருக்கு. ஒரு பக்கம் கோவம் வருது, ஒரு பக்கம் கும்பிடத் தோணுது. இருங்க, கைக்குட்டையை மேல போடறேன்.

– போடு.

– அறுபத்தி மூணு. மணி அடிச்சுட்டாங்க, நாமதான். தாடையைக் கொஞ்சம் தொங்க விட்டுக்கங்க.

– தாடையைத் தொங்க விட்டா வண்டியை எதால ஓட்டறதாம்?

– சரி, ஓட்டிட்டுப் போய் நிறுத்தினப்புறம் தொங்க விடுங்க.

– வாங்க பெயிண்டர். கதவு பத்திரம், போன வருஷம் இடிச்சீங்க.

– கதவு அதே அகலம்தான் இருக்கு டாக்டரம்மா.

– எழுதிப் போட்டிருக்கேன். வருஷா வருஷம் எழுதிப் போடறேன். உக்காருங்கம்மா. ஒண்ணே ஒண்ணு, நான் அவரைக் கேக்கும்போது நீங்க பதில் சொல்லக் கூடாது.

– நான் எங்க டாக்டரம்மா பேசறேன், வாயே திறக்க மாட்டேன்.

– சந்தோஷம். வேலைக்கு ஒழுங்காப் போறீங்களா, பெயிண்டர்?

– ஒரு நாள் விடறதில்ல. நாளைக்கு வாங்க, 'பரிசோதனைக் குழு மருத்துவர் உடனடியாக இரண்டாம் மேடைக்கு வரவும்'னு கூப்பிடறேன்.

– ஏற்கனவே உங்க குரலைக் கேட்டுத்தான் நான் வண்டி ஏறறேன். அந்தக் குரலுக்கே தனியா ஒரு டிக்கெட் வாங்கலாம். சரி, தோளைத் தூக்குங்க. ம். கழுத்தைத் திருப்புங்க. ம், நல்லா இருக்கு. இடது கை... இல்ல. வலது கை. ஒண்ணே ஒண்ணு, அவசரமே இல்ல. என் உள்ளங்கை கீழ இருக்கு. மணிக்கட்டை லேசா மேல கொண்டு வாங்க.

– ம்ம்ம்...

– இன்னொரு தடவை.

– ம்ம்... ம்ம்ம்...

– போதும், விடுங்க.

– இருங்க டாக்டரம்மா. இன்னொரு தடவை பாக்கறேன்.

– போதும்னு சொல்றேன்ல? இவ்வளவு சிரமப்பட வேணாம்.

– ஒரே தடவை. ம்ம்ம்ம்...

– என்னங்க, போதும். டாக்டரம்மாதான் விடச் சொல்றாங்கல்ல, விடுங்களேன்.

– நீங்க பேச மாட்டேன்னு சொன்னீங்க. சரி, கண்ணை மூடிக்கங்க, பெயிண்டர். குண்டூசி முனையால தொடறேன். தெரிஞ்சா 'ம்'னு சொல்லுங்க.

– ம்.

– அது தோள். இப்போ?

– தொட்டீங்களா?

– விரல்ல நாலு தடவை தொட்டேன். கண்ணைத் திறங்க. போன வருஷம் பூஜ்யம், இந்த வருஷமும் பூஜ்யம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. இந்தப் பன்னெண்டு மாசத்துல, ஒரு நாளாவது, ஒரு தடவையாவது இந்தக் கை அசைஞ்சதா?

– இல்லைங்க டாக்டரம்மா.

– அம்மா, நான் அவரைக் கேட்டேன்.

– அவ சொல்றதுதாங்க.

– சரி. இந்தத் தாள்ல வீட்டுல இருக்கறவங்க கையெழுத்துப் போடணும். படிச்சுச் சொல்றேன். 'கடந்த பரிசோதனைக்குப் பிறகு பயனாளியின் நிலையில் மாற்றம் இல்லை. மேற்கண்டது பொய் என்று பின்னர் தெரியவந்தால், வழங்கப்பட்ட கருவி திரும்பப் பெறப்படும். மையத்தின் எந்தச் சேவைக்கும் இனி உரிமை கோர மாட்டோம்.' புரிஞ்சுதா?

– நல்லாப் புரிஞ்சுது. எங்க போடணும்?

– இங்க ஒண்ணு. மறுபக்கம் ஒண்ணு. ரெண்டு வருஷமா மாற்றம் இல்லாததால 'நிலையானது'ன்னு எழுதிடறேன். இனிமே மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும். நாற்காலி உங்ககிட்டயே இருக்கும்.

– மூணு வருஷமா! நீங்க நல்லா இருக்கணும் டாக்டரம்மா.

– ஆனா ஒண்ணு. பயிற்சி அறைப் பட்டியல்லேருந்து உங்க பேரை எடுத்துடறேன். முன்னேற்றம் இருக்கறவங்களுக்குத்தான் இடம் ஒதுக்கச் சொல்லியிருக்காங்க. தப்பா எடுத்துக்காதீங்க.

– அதுல என்ன இருக்கு. நாங்க வீட்லயே... வீட்லயே சும்மா உக்காந்திருக்கோம்.

– கைக்குட்டையை எடுத்துக்கங்க, கீழ விழுந்திருக்கு. அட, இது என்ன, புறங்கையில இவ்வளவு பெரிய கொப்புளம்?

– டீ டம்ளர் டாக்டரம்மா. அவருக்குத்தான் அந்தக் கையில சூடு தெரியாதே. ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான்.

– ஆரம்பத்துலேருந்தேவா?

– விழுந்த நாள்லேருந்து.

– அப்படின்னா சரி. மருந்து எழுதித் தரேன், சூடு பக்கத்துல கையை விடாதீங்க. ஏன் அழுத்திக் கேட்டேன்னா, சில பேருக்குக் கொஞ்சம் அசைவு வந்து, சூடு குளிர்ச்சியெல்லாம் தெரிய ஆரம்பிச்சு, அப்புறம் ஒரு நாள் அது திரும்பப் போகும். அடிபட்ட இடத்துல, தண்டுவடத்துக்குள்ளயே நீர் கோத்துக்கும். மொதல்ல சூடு போகும், கூடவே கை போகும்.

– கையோட நின்னுடுமா, டாக்டரம்மா?

– நிக்காது, பெயிண்டர். மேல ஏறும். தோளுக்கு வரும். அபூர்வமா இன்னும் மேல போய் விழுங்கறது, பேச்சு, எல்லாத்தையும் தொடும்.

– பேச்சுமா?

– ஆமா. சீக்கிரம் கண்டுபிடிச்சா ஸ்கேன் எடுத்து அறுவை செஞ்சு நிறுத்திடலாம். கை கூடத் திரும்பக் கிடைச்சிருக்கு சில பேருக்கு. அதுக்கு அன்னைக்கே எங்கிட்ட ஓடி வரணும். என் கையால ஒரு வரி எழுதினா வரிசையே கிடையாது, நேரா ஆபரேஷன் மேசைமேலதான். அப்படிப்பட்டவங்ககிட்ட நாங்க நாற்காலியையும் எடுக்க மாட்டோம். கைதான் போயிடுச்சே, எதுக்கு எடுக்கப் போறோம்?

– அப்படிங்களா.

– ஆனா வந்ததுன்னு எங்க தாள்ல இருந்தாத்தானே, போனதுன்னு எங்களுக்குத் தெரியும்? உங்க தாள்ல பூஜ்யத்துக்கு அப்புறம் பூஜ்யம். உங்களுக்கு அந்தப் பயம் இல்ல.

– வந்தாத்தானே டாக்டரம்மா போறதுக்கு! ஏங்க, இப்படி வெளிறிப் போறீங்க? குரல்தான் இவருக்குச் சோறு போடுது டாக்டரம்மா, அதைப் பத்திப் பேசினதும் பயந்துட்டாரு.

– ஒண்ணே ஒண்ணு, பெயிண்டர். ஏதாவது சொல்லணுமா என்கிட்ட?

– சொல்ல என்ன இருக்கு? அதான் கையெழுத்தே போட்டாச்சே. எழுந்... திரும்புங்க, என்னங்க, வெளிய பாவம் அறுபத்தி நாலு காத்துக்கிட்டு இருக்காரு.

– உங்களைக் கேக்கலை அம்மா. பெயிண்டர்?

– கதவை மட்டும் கொஞ்சம் அகலப்படுத்தச் சொல்லுங்க, டாக்டரம்மா.

– எழுதிப் போடறேன். அடுத்தவங்களை வரச் சொல்லுங்க.

– மெதுவா, மெதுவா, இடிச்சுக்காதீங்க. வாங்க. வாயைத் திறக்காம வாங்க, வெளிய வந்து பேசிக்கலாம். ம், சரிவுல பாத்து இறங்குங்க. அட கடவுளே, மூணு வருஷம்! மூணு வருஷம் ஒருத்தனும் நம்மகிட்ட ஒரு தாளை நீட்ட மாட்டான். எனக்குக் கால் தரையில இல்ல. உங்களைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருக்கு, நாலு பேர் பாக்கறாங்க.

– அந்த அறுபத்தி நாலு...

– அதை விடுங்களேன். எப்படிப் பண்ணினீங்க அதை? 'இருங்க டாக்டரம்மா, இன்னொரு தடவை பாக்கறேன்'னீங்களே! எனக்கே ஒரு நிமிஷம் அழுகை வந்துடுச்சு. நான் சொல்லிக் குடுக்கவே இல்ல அதை.

– நீ சொல்லிக் குடுக்கலை.

– பயிற்சி அறையில பேரை எடுத்துட்டாங்களாம். எடுக்கட்டும். அங்க வாரத்துக்கு ஒரு நாள், இருபது நிமிஷம், அதுலயும் பாதி நேரம் போன் பேசுவா அந்தப் பொண்ணு. இருநூத்திப் பதினாறு நாளும் அவளா வந்தா? அந்தச் சைக்கிள் ஷெட் பின்னால நிறுத்துங்க.

– வேலைக்கு நேரமாகுது. பன்னெண்டு மணிக்காவது போய் உக்காரணும்.

– ஒரே நிமிஷம். நான் மூணு வாரமா பொறுத்துக்கிட்டு இருக்கேன். உங்களுக்கு அது வெறும் கை. எனக்கு என்னன்னு தெரியுமா? யூனிட்ல ஒரு நாளைக்கு நானூறு காலர் தைக்கறேன். நான் தைச்ச சட்டை ஒண்ணு எதிர்ல வந்தாக் கூட எனக்கு அடையாளம் தெரியாது. இந்த உலகத்துல நானா உக்காந்து உண்டாக்கினது உங்க மணிக்கட்டு ஒண்ணுதான்.

– தெரியும். அதான் வாய் வரலை.

– எதுக்கு வாய் வரலை? உள்ள போறதுக்கு முன்னால கூட என்னமோ சொல்லணும் சொல்லணும்னீங்க. அப்புறம் சொல்லுங்க, மொதல்ல காட்டுங்க. யாருமில்ல இங்க. சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டேன். தூக்குங்க.

– மேஸ்திரி...

– இப்போ எவ்வளவு வேணும்னாலும் மேஸ்திரின்னு கூப்பிட்டுக்கங்க. தூக்குங்க. என்ன, சிரிப்பு காட்டறீங்களா? அதே வேர்வை, அதே நரம்பு. போதும், நடிப்பெல்லாம் உள்ளயே முடிஞ்சுது. நான்தான், டாக்டரம்மா இல்ல. ஒரு சாண் வேணாம், ஒரு விரக்கடை தூக்குங்க. ஏங்க... தூக்குங்களேன்.

– உள்ளயும் நடிக்கலை. இப்பவும் தூக்கிக்கிட்டுத்தான் இருக்கேன்.